படம் நேற்றையது, வயிறு இன்றையது

செய்தியை எனக்குச் சொன்னவள் என் அக்கா கஸ்தூரி. காலை நாஷ்டாவுக்கு உட்கார்ந்திருந்தேன், போன் அடித்தது. பெருநகரிலிருந்து அவள் அந்த நேரத்தில் கூப்பிட மாட்டாள். மாட்டுக்குத் தண்ணி காட்டும் நேரம். "தம்பி, எஸ்தரம்மா பூட்டாங்கடா" என்றாள். "இன்னாடா, பேச மாட்டேன்ற? கேக்குதா? உத்தரமேரூர்லர்ந்து வந்த பஸ் கண்டக்டர் சொல்லிக்கினு போறாரு. நம்ம ஸ்கேன் டாக்டரம்மாடா." கேட்டது என்றேன். அவள் அழ ஆரம்பித்தாள். நான் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

அன்று எழுந்தவன்தான். உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. இதைக்கூட நாலு வரி எழுதுவதும், மொட்டைமாடிக்குப் போய் ஒரு சுற்றுச் சுற்றி வருவதுமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். கோர்வையாக வராவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவரும் எதையும் கோர்வையாகச் சொன்னவர் இல்லை.

டாக்டர் எஸ்தரை அறிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன் என்றாலும், அறியாத ஒருவர் படிக்க நேர்ந்தால் அவருக்காகவும் இரண்டு வார்த்தை. அவர் ஸ்கேன் பார்க்கும் டாக்டர். பகலில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மருத்துவமனையில் வேலை. சாயங்காலமும் விடுமுறை நாட்களிலும் உத்தரமேரூர் கடைத்தெருவில் சொந்தமாக ஒரு சின்ன ஸ்கேன் சென்டர். அவருடைய தம்பி சாமுவேல் அங்கே வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பார். நான் சிவகுமார். பெருநகர்க்காரன், பொறியியல் படித்தவன். ஏனாத்தூரில் ஒரு வாடகை மாடியில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து, அறுவை சிகிச்சைக்கு உதவும் ஒரு கணினிப் பெட்டியைச் செய்துகொண்டிருக்கிறோம். அந்தப் பெட்டிதான் எங்களைச் சேர்த்தது.

அடக்கம் முடிந்து எல்லோரும் கல்லறைத் தோட்டத்தை விட்டு வெளியே வரும்போது சாமுவேல் அண்ணன் என் கையைப் பிடித்து நிறுத்தினார். பிடி இறுக்கமாக இருந்தது. "சார், மிஷினு மிஷினுன்னு அக்காவும் நீங்களும் சுத்திக்கினு இருந்தீங்களே. எங்க அக்காவுக்கு இன்னா பண்ணுச்சு சார் அது? கட்டி கீது, எடுத்துடலாம்னு தானே உள்ள இட்டுக்கினு போனீங்க? தொறந்து பாத்துட்டு ஏன் சார் மூடிட்டீங்க?" சுற்றி நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றேன். அவர் கையை உதறிவிட்டுப் போய்விட்டார்.

சாமுவேல் அண்ணே, அங்கே சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன். உங்கள் அக்காவை ஏன் மூடினோம் என்பதற்குப் பதில் ஒரே வரியில் இருக்கிறது. ஆனால் அந்த வரி புரிவதற்கு, அவர் யாராக இருந்தார் என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

எங்கள் பெட்டியின் வேலை இதுதான். இப்போது வயிற்றைப் பெரிதாகக் கிழிப்பதில்லை. நாலைந்து சின்னத் துளை போட்டு, காற்றடைத்து வயிற்றை உப்பவைத்து, ஒரு துளையில் கேமராவும் மற்றவற்றில் கருவிகளும் விட்டு, டிவியைப் பார்த்துக்கொண்டே அறுக்கிறார்கள். கேமரா மேல்தோற்றத்தைக் காட்டும். சதைக்குள் புதைந்திருக்கும் கட்டியைக் காட்டாது. முன்னமே எடுத்த சி.டி. ஸ்கேனிலிருந்து கட்டியையும் ரத்தக்குழாய்களையும் பிரித்தெடுத்து, டிவியில் தெரியும் உறுப்பின் மேலேயே வண்ணத்தில் வரைந்து காட்டினால்? கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல உள்ளே இருப்பது தெரியும். ஆக்மென்டட் ரியாலிட்டி என்று இதற்குப் பெரிய பெயர். கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல நோயாளியின் உடம்பில் சில ஸ்டிக்கர்களை ஒட்டி அதோடு ஸ்கேன் எடுப்போம். அந்தப் புள்ளிகளை வைத்துத்தான் படம் உடம்போடு பொருந்தும்.

இதைச் செய்துமுடித்த பெருமையில் கடையிலிருந்து ஆட்டு ஈரல் வாங்கி வந்து மேசைமேல் வைத்து, அறுவை மருத்துவர் குமரவேலுவுக்குச் செய்துகாட்டினோம். அவர் கூட அழைத்து வந்தவர்தான் எஸ்தர். நாற்காலி போட்டோம், உட்காரவில்லை. டீ கொடுத்தோம், பாதி குடித்துவிட்டு ஜன்னல் கட்டையில் வைத்தார். (அவர் போகும் இடமெல்லாம் பாதி டீ இருக்கும், தெரிந்தவர்கள் இப்போது சிரிப்பீர்கள்.) ஈரல்மேல் பச்சையும் நீலமுமாகக் கோடுகள் அசையாமல் நின்றன. குமரவேலு கைதட்டினார். எஸ்தர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "செத்த ஆட்டுக்கு நல்லா பொருந்துது நைனா. மூச்சு வுடுற ஆளுக்குப் பொருந்துமா? அத்த காட்டு, வரேன்." செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

அந்தக் கோபத்தோடுதான் உத்தரமேரூர் சென்டருக்குப் போனேன். கேட்டுவிட்டு வருவோம் என்று. அவர் என்னைக் கண்டுகொள்ளாமல், "அந்தப் பக்கம் நில்லு, ஸ்கிரீன மட்டும் பாரு" என்றார். வயல் வேலை செய்யும் ஒரு அம்மாள் படுத்திருந்தார். மூச்சைப் பிடி என்றால் அவருக்குப் பிடிக்கத் தெரியவில்லை. பயத்தில் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கினார். எஸ்தர் அதட்டவில்லை. "நெல்லு மூட்ட தூக்குவ இல்ல? தூக்கசொல்ல மூச்ச இன்னா பண்ணுவ? அப்டிப் புடி. ஆங், அவ்ளோதான். இப்ப எறக்கி வெய்யி." அந்த அம்மாள் மூட்டையைத் தூக்கி இறக்குவதுபோலவே மூச்சைப் பிடித்து விட்டார். திரையில் ஈரல் மேலும் கீழும் போய்வந்தது. "பாத்தியா நைனா? ஒரு மூச்சுக்கு இவ்ளோ தூரம். உன் கோடு இதுல எங்க நிக்கும்?" என்றார். நான் கேட்க வந்ததைக் கேட்காமல் திரும்பினேன்.

பிறகு ஒரு நாள், ஏன் இந்த வேலைக்கு வந்தீர்கள் என்று கேட்டபோது நடந்துகொண்டே சொன்னார். "எங்கம்மா நடவு நட்டுக்கினே இருக்கும், திடீர்னு வயித்த புடிச்சிக்கினு சேத்துல குந்திடும். வாயு, கேஸுன்னே மாத்திர குடுத்து அனுப்பிச்சானுங்க. உள்ள இன்னா கீதுன்னு ஒர்த்தன் பாக்கல. செத்துச்சு." அவ்வளவுதான், அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார். யார் வீட்டு வயலில் நடவு நட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கத்து ஊர் வயல்தான். எங்கள் உறவுக்காரர்களுடையதாகக்கூட இருக்கலாம்.

இரண்டு ஆண்டுகள் எங்களோடு சண்டை போட்டுக்கொண்டே வேலை செய்தார். மூச்சுக்குத் தகுந்தபடி படமும் அசைய வேண்டும் என்று எங்களைத் தூங்கவிடாமல் அடித்தவர் அவர். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுவார். நோயாளிகளிடம் கொச்சையாகப் பேசுகிறார் என்று மருத்துவமனையில் யாரோ புகார் சொல்லி, மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்டபோது, "அவங்க வயித்த பத்தி அவங்க பாஷைல தான் பேசணும், உங்க வயித்துக்கு வேணா இங்கிலீஷ்ல பேசறேன்" என்று சொல்லிவிட்டு வந்தவர்.

என் அக்காவுக்கு இடுப்புவலி என்று அவரிடம்தான் அழைத்துப் போனேன். ஸ்கேன் பார்த்துக்கொண்டே இருந்தவர் பேச்சை நிறுத்தினார். அவர் பேச்சை நிறுத்தினால் விஷயம் பெரிது. அக்காவுக்கு ஒரு சிறுநீரகம் பிறவியிலேயே சுருங்கிப்போயிருந்தது. எங்கள் குடும்பத்துக்கே அது அன்றுதான் தெரியும். வேலைசெய்துகொண்டிருந்த மற்றதில், நடுவில், கட்டி. கட்டியை மட்டும் வெட்டி எடுத்தால் பிழைத்தாள். சிறுநீரகத்தையே எடுத்துவிட்டால் ஆயுசு முழுக்க வாரத்தில் பாதிநாள் காஞ்சிபுரம் போய் ரத்தம் சுத்திகரிக்கும் மிஷினில் படுக்க வேண்டும். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கட்டிய எடுத்துக்கோங்க, இன்னா வேணா பண்ணுங்க. அந்த மிஷினுல மட்டும் படுக்க வெச்சிடாதீங்க. மாட்ட எவ பாப்பா?" என்றாள். எஸ்தர் அவள் கன்னத்தைத் தட்டி, "உன் தம்பி பொட்டி ஒண்ணு வெச்சிக்கினு சுத்துறான். அது எதுக்கு கீது?" என்றார்.

அறுவை நாள். நெருங்கிய உறவுக்காரனை உள்ளே விடக்கூடாதுதான். ஆனால் பெட்டியை ஓட்ட எனக்கு நன்றாகக் கைவந்ததுபோல மற்ற இருவருக்கும் வரவில்லை. அதனால் நின்றேன். வெளியூர் மருத்துவர்கள் சிலர் பக்கத்து அறையில் திரைபோட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படம் அழகாக வந்து உட்கார்ந்தது. சிறுநீரகத்தின் மேல் பச்சையாகக் கட்டி மினுங்கியது. பெட்டி போடும் கணக்கெல்லாம் சரி என்று காட்டியது. குமரவேலு ரத்தக்குழாயைக் கவ்வப் போனார். கவ்விவிட்டால் ரத்த ஓட்டம் நிற்கும். சீக்கிரம் வெட்டித் தைத்துவிட வேண்டும், யோசிக்க நேரம் இருக்காது.

எஸ்தர் அதற்கு முன்னால் ஒரு துளை வழியாக மெல்லிய ஸ்கேன் கருவியை உள்ளே விட்டு நேராகச் சிறுநீரகத்தின் மேலேயே வைத்தார். புரோப் என்போம், வயிற்றின்மேல் தேய்க்கும் கருவியின் தங்கை. இங்கே வைத்தார், அங்கே வைத்தார். "நிறுத்துங்க" என்றார். "பச்சையா கீற எடத்துல கட்டி இல்ல. கட்டி இன்னும் கீய கீது." குமரவேலு பொறுமையாக, "மேடம், காலையில எல்லாம் சரிபார்த்தாச்சே" என்றார். "நீங்க எத்தினி வாட்டி சரிபாத்தாலும் கட்டி அங்க வராது சார்." குமரவேலு என்னைத் திரும்பிப் பார்த்தார். "சிவா, உங்க படம் சரியா, இல்லையா? சொல்லுங்க."

பெட்டி சரி என்கிறது. பக்கத்து அறையில் வெளியூர்க்காரர்கள். எங்கள் மூன்று பேருடைய உழைப்பு அத்தனையும் அந்தப் பச்சை நிறத்தில் நின்றுகொண்டிருந்தது. பச்சை இடத்தில் வெட்டினால், அங்கே நல்ல சதை, கட்டி கிடைக்காது, தேடிக்கொண்டே போனால் சிறுநீரகமே போய்விடும். எஸ்தர் சொல்வது தப்பென்றாலும் அதேதான். முகமூடிக்கு மேலே அவர் கண்ணைப் பார்த்தேன். அதில் கெஞ்சலும் இல்லை, சவாலும் இல்லை. கட்டி எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். படத்தை அணைத்தேன். புரோப் காட்டிய இடத்தில் குமரவேலு வெட்டினார். கட்டி முழுசாக வந்தது. சிறுநீரகம் தங்கியது. அக்கா மாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பெட்டி ஏன் தப்பாகக் காட்டியது? தலையைப் பிய்த்துக்கொண்டோம். ஒயர் ஒயராக, வரி வரியாகத் தேடினோம். ஒன்றும் கிடைக்கவில்லை. அக்காவுக்குத் தெம்பு வந்ததும் எஸ்தர்தான் வார்டுக்குப் போய் அவளைக் கேட்டார். நானும் குமரவேலுவும் பின்னால் நின்றோம்.

"கஸ்தூரி, ஒடம்புல ஸ்டிக்கர் ஒட்டினாங்க இல்ல? அத்த இன்னா பண்ண?"

"பத்திரமா வெச்சிருந்தேன் டாக்டரம்மா. தொலைச்சிடாதீங்கன்னு நர்ஸம்மா சொல்லிக்கினே இருந்தாங்க. குளிக்கசொல்ல கயட்டி கண்ணாடில ஒட்டினேன். குளிச்சிட்டு எடுத்து ஒட்டிக்கினேன். முதுகுல கீறத பொண்ணு ஒட்டுச்சு. ஒண்ணுகூட தொலைக்கல!"

"கீந்த எடத்துலயே ஒட்டினியா?"

"பாவாட நாடா உறுத்துச்சு. அதான் எல்லாத்தையும் ஒரு விரக்கடை மேல ஏத்தி ஒட்டினேன். வரிசையாத்தான் ஒட்டினோம்."

வரிசையாகத்தான் ஒட்டியிருந்தாள். எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு ஏற்றி ஒட்டியதால் படமும் ஒரு விரக்கடை மேலே ஏறிவிட்டது, புள்ளிகளுக்கு நடுவே தூரம் மாறாததால் பெட்டிக்குச் சந்தேகமே வரவில்லை. பேனாவால் போட்டிருந்த அடையாளத்தையும் மஞ்சள் தேய்த்துக் குளித்ததில் அழித்துவிட்டிருந்தாள். குமரவேலுவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். எஸ்தர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார். "இவ மேல இன்னா தப்பு சார்? நெத்திப் பொட்ட கண்ணாடில ஒட்டி வெச்சிட்டு குளிக்காத பொம்பள எந்த ஊர்ல கீறா? யோவ் நைனா, இத்த எத்தினி பொம்பளைங்கள வெச்சு சோதன பண்ண?" பெட்டியைச் செய்த நாங்கள் மூவரும் ஆண்கள். எங்கள் கல்லூரிப் பையன்களை வைத்துத்தான் சோதித்திருந்தோம். அதைச் சொன்னேன். "அதான பாத்தேன். ஒர்த்தனும் குளிச்சிருக்க மாட்டான்" என்றார். வார்டே சிரித்தது. அக்கா மட்டும் தையல் இழுக்கிறது, சிரிக்கவைக்காதீர்கள் என்று கும்பிட்டாள்.

சிரித்து முடித்த கையோடு அன்றே ஏனாத்தூர் மாடிக்கு வந்து நின்றார். இனிமேல் பெட்டி, புரோப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் படத்தைக் காட்ட வேண்டும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் படம் தானாக அணைய வேண்டும் என்றார். நான் முழுக்க அணைக்க வேண்டாம், மங்கலாகக் காட்டலாமே என்றேன். "மங்கலா காட்டினா அத்தயே தான் பாப்பான். மனுஷன் புத்தி அப்டி. அணைச்சிடு" என்றார். பிறகு, எங்களோடு வேலை செய்தவர்கள் அத்தனை பேருக்கும் மனப்பாடமாகிவிட்ட அந்த வாக்கியத்தைச் சொன்னார்: "படம் நேத்திக்கு எடுத்தது நைனா. வயிறு இன்னிக்கிது." படுத்திருப்பவர் யாராக இருந்தாலும் இதுதான் விதி, வெட்டுகிறவர் எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும் இதுதான் விதி என்றார். அப்படியே எழுதினோம். பெட்டியில் அதை மாற்றுவதற்குப் பொத்தான்கூட வைக்கவில்லை. அதையும் அவர்தான் வேண்டாமென்றார்.

சாமுவேல் அண்ணே, அந்த விதிதான் உங்கள் அக்காவை மூடச் சொன்னது. இனி சொல்லப்போவது உங்களுக்குத் தெரியாததாக இருக்கலாம்.

ஒரு மத்தியானம் என்னை உத்தரமேரூருக்கு வரச்சொன்னார். நீங்கள் சாப்பிடப் போயிருந்தீர்கள். "கதவ சாத்து நைனா. அந்தப் பக்கம் திரும்பி நின்னு, நான் சொல்லசொல்ல அந்த பட்டன அமுக்கு" என்றார். ஓடும் படத்தை அப்படியே நிறுத்திவைக்கும் பொத்தான். படுத்துக்கொண்டு தன் வயிற்றின்மேல் தானே கருவியை வைத்துத் தேய்த்தார். திரையை அவருக்குத் தெரியும்படி திருப்பி வைத்திருந்தார். "நிறுத்து" என்பார், அமுக்குவேன். "ம்" என்பார். மறுபடி தேய்ப்பார். மறுபடி "நிறுத்து." எனக்கு அந்தச் சாம்பல் நிறக் குழப்பத்தில் ஒன்றும் புரியவில்லை. "ஏதாவது தெரியுதா டாக்டர்?" என்று கேட்டேன். "தெரியுது" என்றார். எழுந்து துடைத்துக்கொண்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு, டீ சொல்லச் சொன்னார். அன்றுதான் அவர் ஒரு கோப்பை டீயை முழுக்கக் குடிப்பதைப் பார்த்தேன். எனக்கு அங்கிருந்து ஓடிவிட வேண்டும்போல இருந்தது.

கணையத்தின் வால்பகுதியில் கட்டி. சி.டி. ஸ்கேனும் அதையே சொன்னது. வேறெங்கும் பரவவில்லை, எடுத்துவிடலாம் என்றும் சொன்னது. குமரவேலு நம்பிக்கையாக இருந்தார். நானும். அறுவைக்கு முதல்நாள் எஸ்தர் என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டார். "கண்ணு முயிச்சதும் மொதல்ல நீ தான் சொல்லணும். குமரவேலு சார் வளவளன்னு ஆறுதல் சொல்லுவாரு. சாமுவேலு அயுவான். நீ பொட்டி இன்னா சொல்லுச்சோ அத்த மட்டும் சொல்லு. கூட்டாத, கொறைக்காத." சரி என்றேன். சரி என்று சொல்லியிருக்கக் கூடாது என்று அறையை விட்டு வந்ததுமே தோன்றியது.

அன்று படம் பிரமாதமாக வந்தது. மருத்துவமனையின் இன்னொரு ஸ்கேன் டாக்டர் புரோப் பிடித்தார். கணையத்தில் வைத்ததும் இரண்டும் ஒத்துப்போயின. கட்டி பச்சையாக ஒளிர்ந்தது. குமரவேலு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். எடுத்துவிடலாம். ஆனால் வெட்டுவதற்கு முன்னால் ஈரல் முழுவதையும் புரோபால் ஒரு தடவை துழாவிவிட வேண்டும். இதுவும் எஸ்தர் வைத்த வழக்கம்தான். துழாவினார்கள். ஒரு இடத்தில் புரோப் நின்றது. சின்னதாக ஒரு புள்ளி. தள்ளி இன்னொன்று. சி.டி.யில் இல்லாதவை. பெட்டி படத்தை அணைத்துவிட்டது.

"கொழுப்பா இருக்கலாம்" என்றார் குமரவேலு. அங்கிருந்து துளிச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பதில் வரும்வரை எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். எனக்கு மட்டும் நிற்க முடியவில்லை. பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். என் அக்கா படுத்திருந்தபோது எஸ்தர் சொல்வதுதான் சரியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவன், இப்போது, கடவுளே, என் படம்தான் சரியாக இருக்க வேண்டும், புரோப் தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். எந்தச் சாமியை வேண்டினேன் என்றுகூட நினைவில்லை. அவருடைய சாமியையும் சேர்த்துத்தான் வேண்டியிருப்பேன்.

புரோப் சரியாகத்தான் சொன்னது. நோய் ஈரலுக்குப் போயிருந்தது. அதற்குமேல் கணையத்தில் உள்ளதை எடுத்துப் பயனில்லை. எடுத்திருந்தால் காயம் ஆறுவதற்கே மாதங்கள் ஆகியிருக்கும். ஈரலில் இருப்பது இருந்தபடி வளர்ந்திருக்கும். குமரவேலு கருவியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். எடுத்துவிடுவாரோ என்று நினைத்தேன். எடுத்துவிடட்டும் என்றும் நினைத்தேன். எஸ்தர்மேல் அவருக்கு அவ்வளவு மதிப்பு. மதிப்பு இருந்ததால்தான் மூடினார். முகமூடி நனைந்திருந்தது.

அண்ணே, அதற்குப் பிறகு உங்கள் அக்கா மருந்து எடுத்துக்கொண்டே சென்டருக்கு வந்தார் இல்லையா? நீங்கள் டோக்கன் கொடுத்தீர்கள், அவர் ஸ்கேன் பார்த்தார். கர்ப்பிணிப் பெண்களிடம் சண்டை போட்டார், பாதி டீயை எங்கெங்கோ வைத்தார், கடைத்தெருவில் நடந்து போனார். அந்த நாட்கள் மூடியதால் கிடைத்தவை. வெட்டியிருந்தால் அவற்றையும் படுக்கையில்தான் கழித்திருப்பார். உங்களுக்கு அவர் எவ்வளவு சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார் என்று எனக்குத் தெரியாது. "சாமுவேலுக்கு நானே சொல்லிக்கிறேன்" என்று என்னிடம் சொல்லியிருந்தார். அதனால்தான் கல்லறைத் தோட்டத்தில் வாயடைத்து நின்றேன். மிஷின் கைவிட்டதாக நினைக்காதீர்கள். குமரவேலு கைவிட்டதாகவும் நினைக்காதீர்கள்.

ஒன்று பாக்கி இருக்கிறது. அவர் கண்விழித்தபோது நான் கட்டில் ஓரத்தில் நின்றேன். மயக்கம் முழுக்கத் தெளியவில்லை. உதடு காய்ந்திருந்தது. என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா நைனா?"

"எடுக்கல டாக்டர். ஈரல்ல இருக்கு. ரெண்டு இடத்துல. மூடிட்டாங்க."

கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன். திறந்தார்.

"படத்துல கீந்துச்சா?"

"இல்ல டாக்டர்."

"புரோப்புல?"

"இருந்துச்சு."

"படம் அணைஞ்சுதா?"

"அணைஞ்சுது."

"அப்ப உன் பொட்டி ஒயுங்கா வேல செய்யுது" என்றார்.

அத்தனை நாட்களில் அவர் எங்கள் பெட்டியைப் பாராட்டியது அந்த ஒரே தடவைதான். அவரிடமிருந்து என்னிடம் இருப்பதும் அது ஒன்றுதான். வேறு எதையும் அவர் எனக்கு விட்டுப்போகவில்லை, நான் கேட்கவும் இல்லை. அடுத்த வாரம் வேறு யாரோ ஒருவர் அந்த மேசையில் படுப்பார். நான் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பேன். விதியை மாற்ற மாட்டேன். அந்தப் பாராட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், டாக்டர். ஆனால் உங்களுக்கு மட்டும் ஒரு தடவை அந்தப் பெட்டி தப்பாக வேலை செய்திருக்கக் கூடாதா?